துக்கத்துல நிக்கறவங்ககிட்ட ‘நீயே இல்ல’ன்னு சொல்றது ஞானம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க ஆன்மிக பக்கத்துல ‘நான் என்று யாரும் இல்லை’ன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். அத்வைதமும் ஜென்னும் ஒரே விஷயத்ததான் சொல்லுது, தனிமனுஷன்னு ஒருத்தன் கிடையவே கிடையாது, அதனால துக்கப்படவும் ஆள் இல்ல, தப்பு பண்ணவும் ஆள் இல்ல, எல்லாம் தானா நடக்குதுன்னு அந்த கட்டுரைல இருந்துச்சு. அதுக்கு கீழேயே கேள்வி பதில்ல புருஷன பறிகொடுத்த ஒரு அம்மா ராத்திரி தூக்கம் வரலன்னு எழுதியிருந்தாங்க, அவங்களுக்கு கட்டுரை எழுதினவரு குடுத்த பதில் ரெண்டே வரி, தூங்காதது யாருன்னு பாருங்க, அங்க யாரும் இல்லைன்னு தெரியும், அவ்ளோதான். அந்த அம்மா அத படிச்சிட்டு எப்படி இருந்திருப்பாங்கன்னு நினைச்சு பார்த்தேன். அந்த பதிலுக்கு ரமணர் பேரையும் புத்தர் பேரையும் துணைக்கு இழுத்திருக்காங்க, அதுதான் எனக்கு தாங்கல.

நான் திருவண்ணாமலை பக்கத்து ஊர்க்காரி. எங்க வீட்டுல ‘நான் யார்?’ புஸ்தகம் அரிசி டப்பா மேல கெடக்கும், எங்கப்பா காலைல காபி குடிச்சுக்கிட்டே ஒரு பக்கம் படிப்பாரு, அப்படி வளர்ந்தவ. ஜென் பக்கம் பின்னாடிதான் வந்தேன், தமிழ்ல கிடைச்சதெல்லாம் படிச்சு, இப்பவும் தினம் காலைல கொஞ்ச நேரம் சுவத்த பார்த்து உட்கார்றவ. அதனால இந்த விஷயமே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான், இது மேல உயிரையே வெச்சிருக்கேன், அதனாலதான் இத பாதியா வெட்டி குடுக்கறத பார்த்துட்டு சும்மா இருக்க முடியல.

முதல்ல புத்தர். அவர் ‘ஆள் இல்ல’ன்னு சொன்னாருன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா இந்த கேள்விய அவர்கிட்ட நேராவே ஒருத்தர் கேட்டிருக்காரு, அது சம்யுத்த நிகாயம்னு புத்தரோட பேச்சுங்கள சேர்த்து வெச்ச பழைய பாலி தொகுப்புல இருக்கு. வச்சகோத்தன்னு ஊர் ஊரா சுத்தற துறவி ஒருத்தர் வந்து, கோதமரே, ஆத்மா இருக்கான்னு கேக்கறாரு, புத்தர் வாயே தொறக்கல. அப்ப ஆத்மா இல்லையான்னு கேக்கறாரு, அதுக்கும் பேச்சில்ல. வந்தவர் எழுந்து போயிட்டாரு. பக்கத்துல இருந்த சீடர் ஆனந்தருக்கு தாங்கல, ஏன் சாமி பதில் சொல்லல்லன்னு கேட்டாரு. அதுக்கு புத்தர் சொன்னதோட சாரம் என்னன்னா, இருக்குன்னு சொல்லியிருந்தா அது அழியாம நிரந்தரமா இருக்குன்னு சொல்றவங்க கட்சில நான் சேர்ந்த மாதிரி, இல்லன்னு சொல்லியிருந்தா செத்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்றவங்க கட்சில சேர்ந்த மாதிரி, ஏற்கனவே குழம்பி போயிருக்கற மனுஷன், இல்லன்னு சொன்னா முன்னாடி எனக்கு ஒரு ஆத்மா இருந்துச்சு இப்ப அது காணாம போச்சேன்னு இன்னும் குழம்பியிருப்பாரு. பாருங்க, எதிர்ல நிக்கற மனுஷனுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுட்டு அவர் பேசாம இருந்திருக்காரு. அந்த யோசனை உங்க கேள்வி பதில் பக்கத்துல ஒரு துளி கூட இல்ல.

அதே தொகுப்புல இன்னொரு சுத்தம், அதாவது புத்தரோட உபதேசம், ‘பார’ சுத்தம்னு பேரு. சுமை எது, சுமக்கறது யாருன்னு புத்தரே கேள்வி கேட்டு அவரே பதிலும் சொல்றாரு. உடம்பு, உணர்ச்சி, அடையாளம் புரிஞ்சுக்கறது, மனசோட உந்துதல், அறிவு, இந்த அஞ்சும்தான் சுமை. சுமக்கறது யாருன்னா ஒரு ஆள், இன்ன பேரு, இன்ன குலம்னு சொல்லப்படற இந்த ஆள்ங்கறாரு. இத வெச்சு பிற்காலத்துல பௌத்தர்களுக்குள்ளயே பெரிய சண்டை நடந்திருக்கு, புத்கலவாதிங்கன்னு ஒரு பிரிவே ஆள்னு ஏதோ ஒண்ணு உண்டுன்னு வாதாடியிருக்காங்க, மத்தவங்க அத ஒத்துக்கல, அது நீளமான கதை. நான் சொல்ல வர்றது, பேரும் ஊரும் உள்ள மனுஷன துடைச்சு போடறது புத்தரோட வேலையா இருக்கல. இந்த அஞ்சுலயும் எதையாவது பிடிச்சுக்கிட்டு இது என்னோடது, இதுதான் நான்னு சொல்ல முடியுதான்னு பாருங்கன்னுதான் அவர் திரும்ப திரும்ப சொன்னாரு.

நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிரா பேசினவங்களும் உண்டு, அவங்கள உங்க கட்டுரை திரும்பி கூட பார்க்கல. 13ம் நூற்றாண்டுல மெய்கண்டார் சிவஞானபோதத்துல பன்னெண்டே சூத்திரத்துல மொத்த சைவ சித்தாந்தத்தையும் அடக்கி வெச்சிருக்காரு, அதுல மூணாவது சூத்திரம் முழுக்க உயிர்னு ஒண்ணு உண்டுங்கறதுக்கான காரணங்கள்தான். ‘உளதிலது என்றலின்’னு ஆரம்பிக்கும். உடம்ப இல்ல, மனச இல்லன்னு ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே போறியே, இல்லன்னு சொல்ற அறிவு ஒண்ணு இருக்குல்ல, அதுதான் உயிர்ங்கறாரு. ‘எனதுடல் என்றலின்’, என் உடம்புன்னு சொல்றியே, அப்ப உடம்பு வேற அத சொல்றது வேறதான. எனக்கு இது ரொம்ப பிடிச்ச இடம். நான் இல்லன்னு மேடைல சொல்றவங்கள பார்த்தா, இந்த ‘இல்ல’ய யார் சொல்றாங்கன்னு கேக்கணும்னு தோணும். சித்தாந்திங்களுக்கு கடவுள் உண்டு, உயிரும் உண்டு, ரெண்டும் பிரிக்க முடியாம கலந்து நிக்கும், ஆனா உயிர் காணாம போகாது. ராமானுஜர் வழில வந்தவங்க தன்ன ‘அடியேன்’னு சொல்லிக்கறதுலயும் அந்த ஆள் இருக்காரு, பணிஞ்சு நிக்கறாரு, அழியல. அத்வைதத்த ஏத்துக்கறவங்க இவங்கள ஏதோ கீழ் வகுப்பு பசங்க மாதிரி பேசறது எனக்கு சுத்தமா ஆகாது. ஆயிரம் வருஷமா பெரிய பெரிய மூளைங்க மோதின கேள்வி இது, இன்னும் முடியல, ரெண்டு வரில முடிச்சு வைக்க முடியாது.

சரி, ரமணருக்கு வர்றேன். 1896ல மதுரைல சொக்கப்ப நாயக்கன் தெருல சித்தப்பா வீட்டு மாடில, பதினாறு வயசு பையன், திடீர்னு சாவு பயம் வந்து, சரி செத்தா என்ன ஆகும் பார்க்கலாம்னு பொணம் மாதிரி படுத்து, உடம்பு போச்சு, ஆனா நான்ங்கறது போகலையேன்னு கண்டாரு. கவனிங்க, அவருக்கு கிடைச்சது ‘நான் இல்ல’ங்கற முடிவு கிடையாது. அப்புறம் திருவண்ணாமலைல விருபாக்ஷி குகைல இருந்தப்ப சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேட்ட கேள்விங்களுக்கு பேசாம எழுதி காட்டின பதில்தான் ‘நான் யார்?’. தலைப்புலயே கேள்விதான இருக்கு. அவரே எழுதின ‘உள்ளது நாற்பது’ பாட்டுங்கள்ல இன்னும் தெளிவா சொல்றாரு, ஜடமான உடம்பு நான்னு சொல்லாது, உண்மையான அறிவு எழும்பறதும் இல்ல அடங்கறதும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல உடம்போட அளவுக்கு ‘நான்’னு ஒண்ணு எழும்புது, அதுக்குத்தான் ஜீவன், அகந்தை, மனசுன்னு இத்தன பேரு. அடுத்த பாட்டுல அத உருவமில்லாத பேய்ங்கறாரு, எதையாவது பிடிச்சுக்கிட்டே நிக்குமாம், ‘தேடினால் ஓட்டம் பிடிக்கும்’.

தேடினால்! அந்த ஒரு நிபந்தனைலதான் எல்லாமே இருக்கு சார். தேடாம ஓடாது. தேடறதும் யாரு, அவங்கவங்க தன்னைத்தான் தேடணும். எனக்குள்ள நான் தேடிப்பார்த்து அது ஓடினா அது எனக்கு ஆன்ம விசாரம். அடுத்தவங்கள பார்த்து உனக்குள்ள யாரும் இல்லன்னு நான் சொன்னா அது வெறும் வாய்பேச்சு, சில நேரம் அது வன்முறை. ரமணர்கிட்ட வந்தவங்க அத்தன பேர், அவர் யாரையாவது பார்த்து நீ இல்லன்னு தீர்ப்பு சொன்னதா நான் படிச்சதுல எங்கயும் இல்ல. கேள்வியா திருப்பி குடுப்பாரு, இல்லன்னா பேசாம பார்த்துக்கிட்டு இருப்பாரு, அது முடியலன்னா சரணடைஞ்சுடு போதும்பாரு. சரணடையறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல.

ஜென்லயும் இதே கதைதான். நம்ம காஞ்சிபுரத்துலேர்ந்து போனவர்னு சொல்லப்படற போதிதர்மர்கிட்ட ஹூய்க்கேன்னு ஒரு சீன சீடர் வந்து, மனசு நிம்மதி இல்ல சாமி, அமைதிப்படுத்துங்கன்னாரு. கொண்டா உன் மனச, அமைதிப்படுத்தறேன்னாரு போதிதர்மர். ஹூய்க்கே தேடி தேடி பார்த்துட்டு எங்கயும் கிடைக்கலன்னு வந்து நின்னாரு. அப்ப அமைதிப்படுத்தியாச்சுன்னாரு குரு. எல்லாரும் கடைசி வரியத்தான் எடுத்து போடறாங்க. நடுவுல ஒருத்தர் தேடி தேடி களைச்சு போனாருல்ல, அத யாரும் சொல்றதில்ல. அந்த களைப்பு இல்லாம கடைசி வரிக்கு உயிரே கிடையாது.

தோகேன், ஜப்பான்ல ஸோட்டோங்கற ஜென் பிரிவுக்கு வேர் போட்டவர், 1200ல பொறந்தவர். சின்ன புள்ளையா இருக்கறப்பவே அப்பா அம்மா ரெண்டு பேரையும் பறிகொடுத்தவர், அம்மா சாவுல ஊதுவத்தி புகை மேல போறத பார்த்துட்டுத்தான் எதுவும் நிலைக்காதுன்னு உள்ள இறங்கிச்சுன்னு சொல்வாங்க. அவர் 1233ல எழுதின கென்ஜோகோஆன்ங்கற கட்டுரைல ஒரு வாக்கியம், புத்தர் வழிய படிக்கறதுன்னா தன்னை படிக்கறது, தன்னை படிக்கறதுன்னா தன்னை மறக்கறது, தன்னை மறக்கறதுன்னா உலகத்துல உள்ள அத்தனையும் வந்து தன்னை உறுதிப்படுத்தறது. மறக்கறது வேற, இல்லன்னு சொல்றது வேற. கோலம் போடறவங்களுக்கு புள்ளி எண்ணி வெச்சு இழை இழுக்கறப்ப தன் நினைப்பே இருக்காது, இடுப்பு வலிகூட தெரியாது, ஆனா கோலம் போட்டது அவங்கதான், தப்பா போனா திருத்தறதும் அவங்கதான். தோகேன் சொல்ற மறதிய நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன்.

ஜென்ல எருது தேடற பத்து படம் உண்டு, எருதுன்னா தன்னோட உண்மையான இயல்பு. எட்டாவது படத்துல எருதும் இல்ல, தேடினவனும் இல்ல, வெறும் வட்டம். உங்க கட்டுரை அந்த எட்டாவது படத்தோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு படம் இருக்குங்க. பத்தாவதுல தொப்பையும் தொந்தியுமா ஒருத்தர் வெறுங்காலோட சந்தைக்குள்ள நடந்து வர்றாரு, ஜனங்களோட கலந்து நிக்கறாரு. வட்டத்தோட முடிஞ்ச பழைய படவரிசைங்களும் இருந்துச்சு, அது பத்தாதுன்னுதான் குவோஆன்ங்கற சீன குரு அதுக்கு மேலயும் வரைஞ்சு சந்தை வரைக்கும் கொண்டு வந்தாரு.

இப்ப நான் ஏன் இவ்ளோ கொதிக்கறேன்னு சொல்லிடறேன். என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை, அவளோட ஒரே பையன் பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான். வெளியூர்லேர்ந்து ஒரு பேச்சாளர் வந்து கல்யாண மண்டபத்துல சத்சங்கம் நடத்தறாருன்னு யாரோ கூட்டிட்டு போனாங்க, நானும் கூட போனேன். மைக் குடுத்தப்ப அக்கா எழுந்து, சாமி என் புள்ள போயிட்டான், என்னால முடியலன்னு சொன்னா, அவ்ளோதான் சொன்னா. அந்த ஆளு சிரிச்ச முகமா, யாருக்கு முடியல, புள்ளன்னு ஒருத்தன் எப்பவும் இருந்ததில்ல, அம்மான்னு ஒருத்தியும் இல்ல, ஒரு கதை ஓடிக்கிட்டு இருக்கு, அத விடுன்னாரு. முன் வரிசைல ஆ ஆன்னு தலைய ஆட்டினாங்க. அக்கா உட்கார்ந்துட்டா. அதுக்கப்புறம் பல மாசம் அவ அழல, அழறது அஞ்ஞானம்னு நினைச்சுக்கிட்டா, பையன் போட்டோவ திருப்பி வெச்சுட்டா, அவன் பேர யாராவது எடுத்தா எழுந்து உள்ள போயிடுவா, சாப்பாடு கொறைஞ்சு ஆள் பாதியா போயிட்டா. கடைசில பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தங்கதான் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, உன் புள்ள சின்னதுல எங்க வீட்டு கோழிய துரத்துவானேன்னு பேச்ச எடுத்தாங்க, அன்னிக்கு உடைஞ்சு அழுதா பாருங்க. அந்த ஆயாவுக்கு அத்வைதம் தெரியாது.

உங்க கட்டுரை ரமணர் பேர சொல்லுச்சே, அந்த ரமணர்கிட்ட இதே மாதிரி ஒரு அம்மா வந்தாங்க. மண்டகொளத்தூர் லட்சுமி அம்மாள், எச்சம்மாள்னு கூப்பிடுவாங்க. இருபத்தஞ்சு வயசு ஆகறதுக்குள்ள புருஷன், பையன், பொண்ணு மூணு பேரையும் அடுத்தடுத்து வாரி குடுத்துட்டு, எங்க போயும் ஆறாம, கடைசில மலை மேல விருபாக்ஷி குகைக்கு வந்து நின்னாங்க. அவர் ஒரு வார்த்த பேசல, அந்த அம்மாவும் பேசல, ரொம்ப நேரம் அப்படியே நின்னாங்க, திரும்பறப்ப பாரம் எறங்கிடுச்சுன்னு சொல்லியிருக்காங்க. அன்னிலேர்ந்து தினம் சமைச்சு அந்த மலை ஏறி கொண்டு வந்து குடுத்தாங்க, 1945ல அவங்க சாகற வரைக்கும் அந்த கைங்கர்யம் நிக்கல. தம்பி அண்ணன் வழில வந்த ஒரு பொண்ண செல்லம்மான்னு தத்து எடுத்து வளர்த்தாங்க, கட்டி குடுத்தாங்க, அந்த பொண்ணும் ஒரு கைக்குழந்தைய விட்டுட்டு செத்து போச்சு. எச்சம்மாள் அந்த பச்ச குழந்தைய தூக்கிட்டு வந்து மகரிஷி கைல குடுத்தப்ப அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு. துக்கப்படறது யாருன்னு கேக்கல அவர். கூட அழுதாரு.

ரமணரோட அம்மா அழகம்மாள் 1922 மே மாசம் கடைசி மூச்சு விட்டப்ப, அன்னிக்கு பூரா ஒரு கைய அவங்க நெஞ்சு மேலயும் ஒரு கைய தலை மேலயும் வெச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. பெரிய புராணம் படிக்கறப்ப தொண்டை அடைச்சு மேல படிக்க முடியாம புஸ்தகத்த கீழ வெச்சிருக்காரு. 1924ல ஆசிரமத்துக்குள்ள திருடனுங்க புகுந்து அவர தொடைல அடிச்சானுங்க, மத்தவங்க பதிலுக்கு தடி எடுத்தப்ப நாம சாதுங்க, நம்ம தர்மத்த விடக்கூடாதுன்னு தடுத்தாரு, அப்புறமா அடிபட்டவங்க கிட்ட எனக்கும் பூசை கிடைச்சுதுன்னாரு. எனக்கும்ங்கறாரு. அகந்தை எரிஞ்சு போனதா நாம கும்பிடற அந்த மனுஷன், பேச்சுல ‘நான்’ங்கற வார்த்தைய தூக்கி எறியல, அடுத்தவங்க அழுகைய பொய்னும் சொல்லல.

துக்கத்த விட இன்னும் பெரிய ஆபத்து தப்பு பண்ணவும் ஆள் இல்லைங்கற வரில இருக்கு. ஜென்காரங்க இத ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துட்டாங்க, அதுக்குன்னே ஒரு கதை வெச்சிருக்காங்க. பாய்ஜாங்னு ஒரு குரு, 814ல காலமானவர், வேலை செய்யாத நாள் சாப்பிடாத நாள்னு வாழ்ந்தவர். அவர் பேசறப்பெல்லாம் ஒரு கிழவர் பின்னாடி நின்னு கேட்டுட்டு போவாரு. ஒரு நாள் எல்லாரும் போன பின்னாடியும் நிக்கறாரு. யாருய்யா நீன்னு கேட்டா, நான் மனுஷன் இல்ல, ரொம்ப காலத்துக்கு முன்னாடி இதே மலைல குருவா இருந்தேன், ஞானம் அடைஞ்சவன் வினைக்கும் பலனுக்கும் கட்டுப்பட்டவனான்னு ஒரு சீடன் கேட்டான், கட்டுப்படமாட்டான்னு சொன்னேன், அந்த ஒரு பதிலுக்கு ஐநூறு ஜென்மம் நரியா பொறந்து சுத்தறேன், நீங்க சரியான பதில் சொல்லி என்ன விடுவிக்கணும்ங்கறாரு. அதே கேள்விய திருப்பி கேக்கறாரு. பாய்ஜாங் சொன்னாரு, வினையும் பலனும் அவன் கண்ணுக்கு மறையாது. கிழவருக்கு அந்த க்ஷணமே விடுதலை. மலைக்கு பின்னாடி ஒரு நரி செத்து கெடந்துச்சு, அத ஒரு துறவிக்கு பண்ற மரியாதையோட எரிச்சாங்க. 13ம் நூற்றாண்டுல மூமோன்கான்னு நாப்பத்தெட்டு கோஆன், அதாவது குரு சீடனுக்கு குடுக்கற புதிர் கதைங்க, தொகுத்தாங்களே, அதுல ரெண்டாவதாவே இத வெச்சிருக்காங்க. ஆள் இல்ல, அதனால பொறுப்பும் இல்லன்னு சொன்னவனுக்கு என்ன கதின்னு ஜென்னே வாசல்ல எழுதி ஒட்டி வெச்சிருக்கு.

ஆனா அந்த ஜென்னே பின்னாடி இத மறந்துச்சு. 17ம் நூற்றாண்டுல தாக்குவான்ங்கற துறவி யாக்யூ முனெனோரிங்கற வாள்வீச்சு ஆசானுக்கு எழுதினதுல, வெட்டற வாளும் வெறுமை, வெட்டுப்படற மனுஷனும் வெறுமைன்னு வரும். அது பயிற்சிக்காக சொன்னது, மனசு எங்கயும் தங்காம இருக்கணும்னு சொன்னதுன்னு விளக்கம் குடுப்பாங்க, இருக்கலாம். ஆனா 20ம் நூற்றாண்டுல ஜப்பான் படை மஞ்சூரியாவுக்கும் சீனாவுக்கும் போனப்ப இந்த பேச்செல்லாம் சிப்பாய்க்கு ஏறின போதையாச்சு, நீயும் இல்ல எதிரியும் இல்ல, கட்டளை மட்டும்தான்னு ரோஷின்னு சொல்ற பெரிய பெரிய ஜென் குருங்களே பேசினாங்க. பிரையன் விக்டோரியா, அவரே ஒரு ஸோட்டோ துறவி, 1997ல இத ஆதாரத்தோட புஸ்தகமா போட்டாரு. ஸோட்டோ பிரிவு 1992லயே மன்னிப்பு கேட்டிருந்துச்சு, ரின்சாய்ங்கற இன்னொரு ஜென் பிரிவுல பெரிய மடமான மியோஷின்ஜி 2001ல கேட்டுச்சு. இதே ஸோட்டோ பிரிவுலதான் உச்சியாமா குடோன்னு ஹகோனே மலைப்பக்கம் சின்ன கோயில்ல இருந்த துறவி குத்தகை விவசாயிங்களுக்காக எழுதி, கோயில்லயே அச்சடிச்சு, சக்கரவர்த்தி தெய்வம் இல்லன்னு சொல்லி, 1911 ஜனவரி 24 தூக்குல தொங்கினாரு. மடம் அவர துறவி பட்டியல்லேர்ந்து நீக்குச்சு, 1993லதான் திருப்பி சேர்த்துச்சு. சுயம்னு ஒண்ணு இல்லன்னு அவருக்கும்தான் பாடம் சொல்லி குடுத்தாங்க. அவர் அத வெச்சு ஏழை குடியானவன் பக்கம் போய் நின்னாரு. ஒரே பாடம் ஒருத்தர அங்க கொண்டு போகுது, இன்னொருத்தர கத்திக்கு சாக்கு சொல்ல வைக்குது, அப்ப பாடத்த மட்டும் ஒப்பிச்சா போதாதுன்னு தெரியுதுல்ல.

அமெரிக்காவுல ஜோஷு ஸசாகின்னு ஒரு ரின்சாய் ரோஷி, 1962ல அங்க போனவர், நூத்தி ஏழு வயசு வரைக்கும் இருந்தவர். பல பத்து வருஷமா சிஷ்யைங்கள தனியறை நேர்காணல்ல தொட்டு தொந்தரவு பண்ணியிருக்காருன்னு 2013ல பௌத்த ஆசிரியர்களோட ஒரு தனி குழு விசாரிச்சு வெளியிட்டுச்சு. அத்தன வருஷம் புகார் சொன்ன பொண்ணுங்க பேச்சு எடுபடவே இல்ல. எதிர்த்து பேசறதே அகங்காரம்னு ஆக்கி வெச்ச இடத்துல ஒரு பொண்ணு எப்படி வாய தொறப்பா. இத எழுதறப்பவே எனக்கு கை நடுங்குது, ஏன்னா நம்ம ஊர்லயும் இந்த வார்த்தைங்க இப்ப இதே மாதிரி உபயோகமாகுது, புருஷன் அடிக்கறான்னு சொல்றவகிட்ட அடிபடறது யாருன்னு கேக்கற ஆளுங்க இருக்காங்க.

இன்னொண்ணும் சொல்லணும், சுருக்கமா. நான்ங்கற உணர்வு தானா அறுந்து போறது சில பேருக்கு நோயாவும் வரும், தன் உடம்பே தன்னோடது இல்லாத மாதிரி, பேசறது வேற யாரோ மாதிரி, டாக்டருங்க டீபர்சனலைசேஷன்னு சொல்றாங்க, அது பயங்கரமான அவஸ்தை, அதுக்கு வைத்தியம் வேணும், சபாஷ் ஞானம் வந்துடுச்சுன்னு கை தட்டக்கூடாது. 18ம் நூற்றாண்டோட பெரிய ஜென் குரு ஹகுயின் சின்ன வயசுல தியானம் மிதமிஞ்சி தலை கொதிச்சு கால் ஜில்லிட்டு ஆளே ஒடிஞ்சு போனத அவரே எழுதி, எப்படி தேறினேன்னும் எழுதி வெச்சிருக்காரு. பழைய ஆளுங்க மறைக்கல.

அப்ப தனி நான் உண்மையிலயே இருக்கா இல்லையான்னு என்னை கேட்டா நான் இப்படித்தான் சொல்வேன். உள்ள போய் பார்த்தா முதலாளின்னு ஒருத்தர் உட்கார்ந்து எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு இருக்காருங்கறது நிக்க மாட்டேங்குது, நினைப்பு வருது போகுது, கோவம் வருது போகுது, அதுக்கெல்லாம் சொந்தக்காரர பிடிக்க போனா கை வெறுமையாத்தான் வருது, இத நான் நம்பறேன், கொஞ்சம் பார்த்தும் இருக்கேன். அதே சமயம் கடன் வாங்கினவ நான்தான், அக்காவோட அன்னிக்கு மண்டபத்துக்கு போனவ நான்தான், வலிச்சா வலிக்கறது இந்த உடம்புலதான். சங்கரரும் இத வியவகாரம் பாரமார்த்திகம்னு, அதாவது அன்றாட வழக்கம், முடிவான உண்மைன்னு ரெண்டு தளமா வெச்சாரு, பௌத்த தத்துவ ஆசான் நாகார்ஜுனரும் ரெண்டு சத்தியம்னு சொல்லி, வழக்கத்துல உள்ள சத்தியத்த பிடிக்காம மேல உள்ளத சொல்லவே முடியாதுன்னாரு. மேல் தளத்து வார்த்தைய எடுத்து கீழ் தளத்துல நடக்கற அழுகைக்கும் அடிக்கும் பதிலா சொன்னா ரெண்டு தளமும் பொய்யாயிடுது. மெய்கண்டார் வழிக்காரங்க இதையும் ஒத்துக்க மாட்டாங்க, உயிர் எந்த தளத்துலயும் உண்டும்பாங்க, அவங்களோட நான் இன்னும் மனசுக்குள்ள வாதாடிக்கிட்டுத்தான் இருக்கேன், சில நாள் அவங்க ஜெயிக்கறாங்க.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த மாதிரி கட்டுரைங்கள நிறுத்த சொல்லல, நல்லா போடுங்க, ஆனா சைவ சித்தாந்தம் படிச்ச ஒருத்தர்கிட்டயும் இதுக்கு மறுப்பு எழுதி வாங்கி போடுங்க, அந்த நரி கதையையும் எச்சம்மாள் கதையையும் முழுசா ஒரு வாரம் போடுங்க. கேள்வி பதில் பகுதிக்கு சாவு, வியாதி, வீட்டுல அடிதடின்னு கடிதம் வந்தா அத தத்துவ கேள்வியா எடுத்துக்காம, மனநல ஆலோசகர் ஒருத்தர் பார்த்துட்டு பதில் போகற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, டெலிமானஸ் 14416ன்னு அரசாங்கத்தோட இலவச நம்பர் இருக்கு, அந்த பகுதிக்கு கீழ ஒவ்வொரு வாரமும் அச்சடிங்க. அந்த தூக்கம் வராத அம்மாவோட அட்ரஸ் உங்ககிட்ட இருக்கும், அவங்களுக்கு தனியா ஒரு கடிதம் எழுதுங்க சார், அவங்க புருஷன பத்தி கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்.